மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்கா: ஆற்றை அடியொற்றிச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

விக்டோரியா ஏரியில் புறப்பட்டு, கியோகா ஏரியைக் கடந்து, உகாண்டாவின் வடமேற்கு நோக்கி அகன்று பாய்ந்து வரும் நைல் ஆறு, ஓரிடத்தில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலமே உள்ள பாறைப் பிளவுக்குள் நுழைந்து 43 மீட்டர் ஆழத்துக்கு விழுகிறது. நொடிக்குச் சுமார் 300 கன மீட்டர் நீர் அந்தப் பிளவின் வழியே வெளியேறுகிறது. மர்ச்சிசன் அருவி என்பது இதுதான். அதைச் சூழ்ந்து சுமார் 3,840 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள பூங்கா, உகாண்டாவின் தேசியப் பூங்காக்களில் மிகப் பெரியது.

ஆப்பிரிக்கக் காட்டுலா என்றால் பெரும்பாலோர் கென்யாவின் மசாய் மாராவையோ தான்சானியாவின் செரெங்கெட்டியையோ நினைக்கிறார்கள். அருவி என்றால் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியை நினைக்கிறார்கள். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றையும் ஒரு மாபெரும் அருவியையும் ஒரே பூங்காவுக்குள், படகிலும் காரிலும் நடந்தும் காண வேண்டுமானால் மர்ச்சிசனுக்கு இணையான இடங்கள் குறைவு. ஆனால் இங்கு வந்து பாதி மனத்தோடு திரும்புபவர்களும் உண்டு. சிங்கத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பயணத்தை வகுத்ததே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். இந்தப் பூங்காவை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. எந்த வேளையில் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதே நாம் எதைக் காண்போம் என்பதை முடிவு செய்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் ஆற்றை வைத்தே அமைந்துள்ளது.

முதற்படி: நிலத்தைப் புரிந்துகொள்ளுதல்

ஆறு பூங்காவின் ஊடாகக் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்ந்து, ஆல்பர்ட் ஏரியில் கலக்கிறது. தென்கரை பெரும்பாலும் மரமடர்ந்த பகுதி. அதன் தெற்கு விளிம்பில் புடோங்கோ காட்டைச் சேர்ந்த கனியோ பபிடி என்னும் மழைக்காட்டுப் பகுதி இருக்கிறது. சிம்பன்சிகள் வாழ்வது அங்கேதான். அருவியின் உச்சிக்கு வாகனம் செல்லும் பாதையும் தென்கரையிலேயே உள்ளது. வடகரையோ திறந்த புல்வெளி. அதன் மேற்குப் பகுதியில், ஆல்பர்ட் ஏரியை நோக்கி நீண்டு செல்லும் புலிகி என்னும் நிலப்பகுதியில்தான் விலங்குகள் திரளாகக் காணப்படுகின்றன. இரு கரைகளுக்கும் நடுவில், படகுத்துறை அமைந்துள்ள இடம் பாரா. நெடுங்காலம் இங்கே வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகு ஒன்றே கரைகளை இணைத்தது. அதன் நேரத்துக்குக் காத்திருப்பதிலேயே பலருக்கு அரைநாள் போய்விடும். இப்போது ஆற்றின் குறுக்கே பாலம் வந்துவிட்டதால், பழைய பயணக் குறிப்புகளில் காணப்படும் மிதவைப் படகு நேர அட்டவணைகளை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பெயரின் வரலாற்றையும் அறிந்து செல்வது நல்லது. 1864இல் இங்கு வந்த சாமுவேல் பேக்கர், லண்டன் அரச புவியியல் கழகத்தின் தலைவராக இருந்த ரோடரிக் மர்ச்சிசனின் பெயரை அருவிக்குச் சூட்டினார். இடி அமீன் ஆட்சியில் இது கபலேகா அருவி என்று மாற்றப்பட்டது. ஆங்கிலேயரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டு, 1899இல் பிடிபட்டு, செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்ட புன்யோரோ மன்னர் கபலேகா. அவர் 1923இல் தாயகம் திரும்பும் வழியில் ஜிஞ்சாவில் இறந்தார். அமீனுக்குப் பின் பழைய பெயர் திரும்பியது. உச்சியில் நின்று அந்தப் பிளவைப் பார்க்கும்போது, லண்டனில் இருந்த ஒருவரின் பெயரைவிட இந்த மண்ணுக்காகப் போரிட்டவரின் பெயரே இதற்குப் பொருத்தம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று: இன்று ஆளில்லாக் காடாகத் தோன்றும் இந்நிலத்தில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூக்க நோய் கொள்ளை நோயாகப் பரவியபோது ஆங்கிலேயக் குடியேற்ற அரசு மக்களை வெளியேற்றியது; வெறுமையான நிலத்தில் விலங்குகள் பெருகின. 1952இல் இது தேசியப் பூங்காவானது. 1970களிலும் 80களிலும் நடந்த போர்களிலும் கள்ள வேட்டையிலும் பல்லாயிரமாக இருந்த யானைகள் சில நூறாகக் குறைந்தன. காண்டாமிருகங்கள் உகாண்டா முழுவதிலும் அழிந்தன. இன்று நாம் காணும் யானைக் கூட்டங்கள் அந்த அழிவிலிருந்து மீண்டு வந்தவை.

இரண்டாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட காலமே விலங்குகளைக் காண மிகவும் ஏற்றது. உட்பகுதி நீர்நிலைகள் வற்றுவதால் எல்லா விலங்குகளும் ஆற்றங்கரையை நாடி வருகின்றன. புல் குட்டையாக இருப்பதால் படுத்திருக்கும் சிங்கமும் கண்ணுக்குத் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களும் நல்லவையே. ஏப்ரல், மே மாதங்களிலும் ஆகஸ்டுக்குப் பின் நவம்பர் வரையிலும் மழை கூடுதலாக இருக்கும். மண்சாலைகள் சேறாகும், புல் காரின் சன்னல் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். ஆனால் பறவைகளை விரும்புவோர் மழைக்காலத்தை ஒதுக்கத் தேவையில்லை. வெயில் எல்லாக் காலத்திலும் கடுமைதான். ஆறு ஆல்பர்ட் ஏரியைச் சேரும் இடம் கடல் மட்டத்திலிருந்து 620 மீட்டர் அளவே உயரமுள்ளது என்பதால், தலைநகர் கம்பாலாவின் குளிர்ச்சியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் படி: ஆவணங்களும் தடுப்பூசியும்

இந்தப் படியில் தவறினால் பயணமே நின்றுவிடும். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். போகும்போது எவரும் கேட்கவில்லை என்றாலும், இந்தியா திரும்பும்போது இந்தச் சான்றிதழ் இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய நலவாழ்வு அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இந்த ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தை அணுகலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்றோரும், அறுபது வயதைக் கடந்தோரும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

மலேரியா இங்கு ஆண்டு முழுவதும் உண்டு. இதற்குத் தடுப்பூசியை நம்பிப் போகாமல், பயணத்துக்கு முன் தொடங்கி, திரும்பிய பின்னும் சில நாள்கள் தொடர வேண்டிய தடுப்பு மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரைப்படி உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா சென்று வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

விசாவை இணையவழியில் முன்கூட்டியே பெற வேண்டும். உகாண்டாவுக்கு மட்டும் ஒருமுறை நுழைவு என்றால் 50 டாலர். கென்யா, ருவாண்டாவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு 100 டாலர் கட்டணத்தில் 90 நாள் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. பூங்காவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அண்மைய பட்டியலின்படி 24 மணி நேரத்துக்கு 45 டாலர். உகாண்டா வனவிலங்கு ஆணையம் அவ்வப்போது இதை மாற்றுவதால் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்க்கவும். ஆணையத்தின் வாயில்களில் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டை வழியாகவோ கைப்பேசிப் பணமாகவோ செலுத்த வேண்டும். டாலர் நோட்டுகளைக் கொண்டு செல்பவர்கள் புதிய, கசங்காத, பெரிய மதிப்புள்ள நோட்டுகளாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். பழைய நோட்டுகளைப் பெரும்பாலும் வாங்க மறுப்பார்கள். சிறு நோட்டுகளுக்கு மாற்று விகிதம் குறைவு. ட்ரோன் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டு வந்தால் எண்டெபே விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும்.

நான்காம் படி: கம்பாலாவிலிருந்து பூங்கா வரை

எண்டெபேயில் இறங்கி, கம்பாலாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் புறப்படுவதே வழக்கம். கம்பாலாவிலிருந்து பாரா சுமார் 300 கிலோமீட்டர். ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகும். இந்தியாவைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடு. குலு நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, காஃபு ஆற்றுப் பாலத்துக்கு அருகே இடப்பக்கம் திரும்பி மசிண்டியை அடைந்து, கிச்சும்பன்யோபோ வாயில் வழியாகத் தென்கரைக்குள் நுழைய வேண்டும். கம்பாலாவை விட்டு வெளியேறும் நெரிசலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதல்முறை சென்றபோது நாங்கள் காலை எட்டரைக்குத்தான் கிளம்பினோம்; நகர எல்லையைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆனது. பாராவை அடைந்தபோது பிற்பகல் படகு போய்விட்டிருந்தது. இரண்டாம் முறை ஆறு மணிக்கே கிளம்பினோம்.

வழியில் ஓரிடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். கம்பாலாவிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில், நகிட்டோமாவுக்கு அருகே ஜிவா காண்டாமிருகக் காப்பகம் உள்ளது. நாட்டில் ஒன்றுகூட மிஞ்சாத நிலையில், கென்யாவிலிருந்து நான்கும் அமெரிக்காவிலிருந்து இரண்டுமாக ஆறு வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொண்டுவரப்பட்டு இங்கே இனம் பெருக்கப்பட்டன. காவலருடன் நடந்தே சென்று அவற்றை அருகிலிருந்து காணலாம். மர்ச்சிசன் பூங்காவுக்குள் காண்டாமிருகத்தைக் காண முடியாது, வரிக்குதிரையும் இங்கில்லை. முகவர் எவரேனும் வரிக்குதிரைப் படத்தைக் காட்டி மர்ச்சிசன் பயணத்தை விற்றால், அவருக்கு இந்தப் பூங்காவைத் தெரியாது என்று கொள்ளலாம்.

மசிண்டியில் எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீர், பழம், சிற்றுண்டி முதலியவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். சைவ உணவு உண்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வேகவைத்து மசித்த வாழைக்காயான மடோகே, சோள மாவில் கிண்டும் போஷோ, அவற்றோடு நிலக்கடலைக் குழம்பும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும். சப்பாத்திக்குள் முட்டை அடையைச் சுருட்டித் தரும் ரோலெக்ஸ் சாலையோரங்களில் சூடாகக் கிடைக்கும். நூறாண்டுக்கு முன் இந்தியக் குடியேறிகளோடு வந்த சப்பாத்தி அந்நாட்டின் அன்றாட உணவாகவே மாறிவிட்டது. பூங்கா விடுதிகளில் மட்டும் சைவம் வேண்டுமென முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாகனம், வழிகாட்டி, தங்குமிடம்

பூங்காவுக்குள் பொதுப் போக்குவரத்து கிடையாது. கூரையைத் திறக்கும் வசதியுள்ள நான்கு சக்கர இயக்க வாகனத்தை ஓட்டுநருடன் அமர்த்திக்கொள்வதே சிறந்தது. கேட்கும் விலையில் எரிபொருள், ஓட்டுநரின் உணவு, தங்குமிடம், வாகனத்துக்கான நுழைவுக் கட்டணம் ஆகியவை சேருமா என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். காலை உலாவுக்கு ஆணையத்தின் வனக்காவலர் ஒருவரைக் கூடுதலாக அழைத்துச் செல்லுங்கள். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். முன்தினம் சிங்கங்கள் எங்கே இரையைக் கொன்றன என்பது அவருக்குத் தெரியும், ஓட்டுநருக்குத் தெரியாது.

எல்லா வசதிப் பிரிவுகளிலும் விடுதிகள் உண்டு: ஆற்றைப் பார்த்த மேல்தட்டு விடுதிகளும், பாராவின் தென்கரையில் கூடாரமும் சிறு குடிலும் கொண்ட எளிய முகாம்களும், பூங்காவுக்கு வெளியே புலிசா, பக்வாச் ஊர்களில் மலிவான அறைகளும் கிடைக்கும். என் பரிந்துரை, குறைந்தது ஓர் இரவாவது வடகரையில் தங்குங்கள் என்பதுதான். விடியற்காலையில் புலிகிக்குள் முதல் வண்டியாக நுழையும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும். ஆற்றோர முகாம்களில் இரவில் நீர்யானைகள் புல் மேய ஏறி வரும். அறைக்கு நடக்கும்போது காவலரைத் துணைக்கு அழைக்க வேண்டும். கரையில் நிற்கும் நீர்யானைக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒருபோதும் நிற்கக் கூடாது. அதன் தப்பிக்கும் வழியை நாம் அடைத்துவிட்டால், அது நம்மை மிதித்துக்கொண்டு ஓடும்.

ஆறாம் படி: படகில் அருவியின் அடிக்கு

அருவியை முதலில் கீழிருந்துதான் காண வேண்டும். பாராவிலிருந்து எதிர்நீச்சலாகச் சுமார் 17 கிலோமீட்டர் செல்லும் படகு, போய்வர மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆணையத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் புறப்படுகின்றன. தனியார் படகுகளும் உண்டு. பிற்பகல் படகையே நான் பரிந்துரைப்பேன். படகு கிழக்கு நோக்கிச் செல்வதால் அந்நேரத்தில் சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும். மேற்கு நோக்கி வரும் அருவியின் மீது ஒளி நேராக விழும். காலையிலோ வெயில் முகத்தில் அடிக்கும்.

முதல் அரை மணி நேரத்திலேயே நீர்யானைகள் தோன்றும். நீர்மட்டத்துக்கு மேல் காதும் கண்ணும் மூக்குத்துளையும் மட்டுமே தெரியும். ஒன்று மூச்சுவிடும்போது தெறிக்கும் நீர்த்துளி அடுத்ததன் முகத்தில் விழும், உடனே அதன் சிறு காதுகள் படபடவென்று சுழலும். மணல் திட்டுகளில் நைல் முதலைகள் வாயைப் பிளந்தபடி கிடக்கும். அது சினத்தின் அடையாளமன்று. உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் வழி அது. மண்மேடுகளின் செங்குத்தான சுவரில் நூற்றுக்கணக்கான துளைகள் தெரிந்தால் படகோட்டியை வேகம் குறைக்கச் சொல்லுங்கள். செங்கழுத்துப் பஞ்சுருட்டான் பறவைகள் அங்கே கூட்டமாகக் கூடு வைத்திருக்கும். அதே சுவரருகே கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று காற்றில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, அலகைக் கீழ்நோக்கிக் குறிவைத்து, கல் விழுவதுபோல் நீரில் விழுவதைக் காணலாம். நம் ஏரிகளில் காணும் மீன்கொத்தியேதான் அது, இனம்கூட வேறன்று.

அருவியை நெருங்க நெருங்க ஆற்றில் வெண்ணுரைக் கட்டிகள் மிதந்து வரும். மாசு என்று எண்ண வேண்டாம். தாவரங்கள் மக்கிக் கரைந்த பொருள்களை அருவி காற்றோடு சேர்த்துக் கடைவதால் உண்டாகும் இயற்கையான நுரை அது. நீரோட்டத்தின் வலிமையால் படகு அருவிக்குச் சில நூறு மீட்டர் முன்னரே ஒரு பாறையை ஒட்டி நின்றுவிடும்.

இங்கே நிற்கும்போது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆல்பர்ட் ஏரியிலும் கீழ்நைலிலும் வாழ்ந்த நைல் பெர்ச் என்னும் பெருமீன், இந்த அருவியை ஏற முடியாததால் மேலேயுள்ள கியோகா, விக்டோரியா ஏரிகளுக்குச் சென்றதில்லை. 1950களில் மனிதர்களே அதை எடுத்துச் சென்று மேலே விட்டார்கள். விக்டோரியா ஏரிக்கே உரிய சிறு மீனினங்களில் நூற்றுக்கணக்கானவை அதன்பின் அருகின, பல அடியோடு மறைந்தன. இந்த ஒற்றைப் பாறைப் பிளவு எத்தனை உயிரினங்களுக்கு அரணாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏழாம் படி: அடியிலிருந்து உச்சிக்கு நடை

படகிலேயே திரும்பிவிடுவது பாதி அருவியைப் பார்ப்பதற்கே சமம். முன்பதிவின்போதே சொல்லி வைத்தால், படகு உங்களை அருவியின் அடிவாரத்திலுள்ள நடைபாதையில் இறக்கிவிடும். வனக்காவலர் ஒருவர் உடன் வருவார். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஏற வேண்டும். நடை நீளமானதன்று, ஆனால் வெயிலும் புழுக்கமும் மூச்சு வாங்க வைக்கும். ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். உங்கள் ஓட்டுநர் வாகனத்தைத் தென்கரைச் சாலை வழியாக உச்சிக்குக் கொண்டுவந்து காத்திருக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் ஏற வேண்டியதில்லை. அவர்கள் படகில் திரும்பி, காரில் உச்சிக்குச் செல்லலாம்.

பாதையின் நடுவே ஓரிடத்தில் இரண்டு அருவிகள் ஒருசேரத் தெரியும். வலப்பக்கம் பிளவுக்குள் இறங்கும் மர்ச்சிசன். அதற்கு வடக்கே அகலமாக விழுவது உஹுரு அருவி. 1962இல் பெருவெள்ளம் வந்தபோது ஆறு புதுவழி வெட்டிக்கொண்டு உண்டாக்கியது அது. அதே ஆண்டில்தான் உகாண்டா விடுதலை பெற்றது. சுவாஹிலியில் உஹுரு என்றால் விடுதலை. 2019இல் இந்த அருவியில் நீர்மின் நிலையம் அமைக்கும் முன்மொழிவு எழுந்தபோது சுற்றுலாத் துறையினரும் இயற்கை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள்.

உச்சியை அடையும்போது தரையைப் பாருங்கள். பாறையிலும் மண்ணிலும் மைக்கா எனப்படும் அபிரகத் துகள்கள் கலந்திருப்பதால் காலடிப் பாதையே மின்னும். அதே அபிரகம், சாரல் பட்டு நனையும்போது வழுக்கும். பிடிமானமுள்ள காலணி இல்லாமல் விளிம்பருகே செல்லக் கூடாது. அருவியின் ஓசை காதுக்குக் கேட்பதற்கு முன்பே காலடிப் பாறையின் அதிர்வில் உணரப்படும். கேமராவை நெகிழிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் மாற்றுச் சட்டை ஒன்றும் இருக்கட்டும். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் ஜிஞ்சாவில், 1948இல் காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. அந்த ஆறுதான் இங்கே காலடியில் பிளவுக்குள் விழுகிறது. எனக்கு அந்த எண்ணத்தோடு அங்கே சற்று நேரம் பேசாமல் நிற்கத் தோன்றியது.

எட்டாம் படி: விடியலில் புலிகி புல்வெளி

காலை ஆறரை அல்லது ஏழு மணிக்குள் புலிகியின் பாதைகளில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலேறினால் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். தமிழர் எவருக்கும் இங்கே முதலில் கண்ணில் படுவது விலங்கன்று, பனைமரம். நம் பனையின் ஆப்பிரிக்க உடன்பிறப்பான இது, நடுத்தண்டில் சற்றுப் பருத்திருக்கும். யானைகள் இதன் பழத்தை விரும்பி உண்டு, விதைகளைத் தொலைதூரம் கொண்டு சென்று போடுகின்றன. பனங்காட்டின் இடையே ஒட்டகச்சிவிங்கிகள் நடந்து போகும் காட்சி, நமக்கு நெருக்கமான ஒன்றும் முற்றிலும் புதிதான ஒன்றும் ஒரே சட்டத்துக்குள் அமைந்ததுபோல் இருக்கும். அவற்றின் முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல் வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் தெரிவதைக் கவனியுங்கள். ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கி என்று அறியப்படும் இவ்வகையின் மிகப் பெரிய தொகை இங்குதான் வாழ்கிறது. எல்லாம் வடகரையிலேயே இருப்பது ஆபத்து என்று கருதி, 2016இல் 18 ஒட்டகச்சிவிங்கிகளை ஆற்றைக் கடத்தித் தென்கரைக்குக் கொண்டு சென்றார்கள்.

சிங்கத்தைத் தேடுபவர்கள் சிங்கத்தைத் தேடக் கூடாது, கோப் மானைப் பார்க்க வேண்டும். உகாண்டாவின் அரசுச் சின்னத்தில் இடம்பெற்றுள்ள இந்தச் செம்பழுப்பு மான் புலிகியில் ஆயிரக்கணக்கில் உண்டு. கூட்டம் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தால் அருகே ஆபத்தில்லை. எல்லா மான்களும் மேய்வதை நிறுத்தி, காதுகளை ஒரே திசையில் நிமிர்த்தி நின்றால், அவற்றின் பார்வைக்கோட்டிலேயே நம் பைனாகுலரையும் திருப்ப வேண்டும். எங்கள் காவலர் அப்படித்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். கிடா ஒன்று கூர்மையாகச் சீழ்க்கையடித்தது, பின் இன்னொன்று. பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு உலர்ந்த புல் என்று நாங்கள் எண்ணியிருந்த ஒரு கற்றை தலையைத் திருப்பிப் பார்த்தது, பெண்சிங்கம். புல்லின் நிறத்துக்கும் அதன் தோலின் நிறத்துக்கும் வேறுபாடே இல்லை.

யானைக் கூட்டம் பாதையைக் கடக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். எருமைக் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும் கிழட்டுக் கிடாவிடம் நெருங்கவே கூடாது. பாதையை விட்டு விலகி வண்டியை ஓட்டும்படி ஓட்டுநரை வற்புறுத்த வேண்டாம். பணம் கொடுத்து வற்புறுத்தும் பயணிகளால்தான் அந்தத் தவறு நடக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு புதிய தார்ச்சாலைகளுக்கும் பொருந்தும்.

அந்தத் தார்ச்சாலைகள் ஏன் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்பர்ட் ஏரிப் படுகையில் 2006இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுக்கும் டிலெங்கா திட்டத்தின் கிணற்றுத் தளங்களில் பத்து, இந்தப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே அமைகின்றன. புலிகிப் பக்கம் செல்பவர்களின் கண்ணில் அந்தப் பணிகள் படக்கூடும். யானைகளும் கோப் மான்களும் நடமாடும் நிலத்தில் துளைக் கருவிகளைப் பார்ப்பது எனக்கு வேதனையாகவே இருந்தது. பயணி என்ற முறையில் நம்மால் செய்யக்கூடியது, ஆணையத்துக்கு உரிய கட்டணத்தை முறையாகச் செலுத்துவதும், உள்ளூர்க் காவலர்களையும் வழிகாட்டிகளையும் அமர்த்துவதும்தான். விலங்குகள் உயிரோடு இருப்பதால் வருவாய் உண்டு என்பதற்கு அந்தப் பணமே சான்று.

ஒன்பதாம் படி: கழிமுகமும் சிம்பன்சிக் காடும்

நேரம் இருப்பவர்கள் இன்னொரு காலையைக் கழிமுகத்துக்கு ஒதுக்கலாம். பாராவிலிருந்து ஆற்றின் போக்கில் கீழே சென்றால், பாப்பிரஸ் கோரைகள் நிறைந்த சதுப்பில் சூபில் என்னும் பறவையைக் காணும் வாய்ப்பு உண்டு. மரக்காலணி போன்ற பெரிய அலகுடன், ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் பறவை அது. காணக் கிடைக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது.

கனியோ பபிடி காட்டில் சிம்பன்சிகளைத் தேடி நடக்கத் தனி அனுமதி பெற வேண்டும். கண்டுபிடித்த பின் ஒரு மணி நேரமே அவற்றின் அருகில் இருக்கலாம். சளி, இருமல் உள்ளவர்களை அழைத்துச் செல்ல மாட்டார்கள், ஏனெனில் நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். குழந்தைகளுக்கு வயது வரம்பு இருப்பதால் குடும்பமாகச் செல்வோர் முன்பே விசாரிக்கவும். மசிண்டிக்குத் திரும்பும் வழியில் இந்தக் காடு வருவதால் இதைக் கடைசி நாளுக்கு வைப்பதே வசதி.

பத்தாம் படி: உடையும் உடன் கொண்டு செல்வனவும்

தென்கரைக் காட்டுப் பகுதியில், கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் மிகுதி. கருநீலமும் கருப்பும் அவற்றை ஈர்க்கும் நிறங்கள். அவற்றைப் பிடிக்கும் துணிப்பொறிகளே அந்த நிறங்களில்தான் செய்யப்படுகின்றன. ஆகவே ஜீன்ஸைத் தவிர்த்து, வெளிர்பழுப்பு அல்லது மங்கிய பச்சை நிறத்தில், முழுக்கை முழுக்கால் பருத்தி உடைகளை அணியுங்கள். அப்பகுதியைக் கடக்கும்போது காரின் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கொசு விரட்டும் களிம்பு மாலைக்குப் பயன்படும், ஆனால் செட்சியை அது பெரிதாகத் தடுக்காது.

8 மடங்கு அல்லது 10 மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. கேமராவைவிட அதுவே அதிகம் பயன்படும். மின்செருகிகள் இங்கிலாந்து வகையைச் சேர்ந்த சதுரமான மூன்று முனை கொண்டவை என்பதால் மாற்றுச் செருகி தேவை. படகுத்துறையில் பபூன் குரங்குகள் உணவைப் பறிக்கும். கைப்பைகளைத் திறந்து வைக்காதீர்கள், அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

நாள்களை அடுக்கும் முறை

பூங்காவுக்குள் மூன்று இரவுகள் தங்குவது நிறைவைத் தரும். இரண்டுக்குக் குறைவாக வர வேண்டாம். முதல் நாள் அதிகாலையில் கம்பாலாவை விட்டுப் புறப்பட்டு, ஜிவாவில் காண்டாமிருகங்களைப் பார்த்து, மாலைக்குள் பூங்காவுக்குள் நுழைந்து பாலத்தைக் கடந்து வடகரையில் தங்குங்கள். இரண்டாம் நாள் விடியலில் புலிகி, நண்பகலில் ஓய்வு, 2 மணிப் படகு, அடியிலிருந்து உச்சிக்கு நடை, மாலையில் காரில் விடுதி. மூன்றாம் நாள் காலை கழிமுகம் அல்லது மீண்டும் புலிகி. முதல் உலாவில் கண்ணில் படாத சிறுத்தை அடுத்த உலாவில் மரக்கிளையில் இருக்கக்கூடும். பிற்பகலை ஒன்றும் செய்யாமல் ஆற்றைப் பார்த்தே கழியுங்கள். நான்காம் நாள் கனியோ பபிடி வழியாகக் கம்பாலா.

நுழைவுச் சீட்டு நீங்கள் வாயிலைக் கடந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கில் ஓடும் என்பதை இந்த அடுக்கில் மறக்கக் கூடாது. முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு நுழைந்தவர், நான்காம் நாள் 3 மணிக்குள் வெளியேறினால் மூன்று நாள் கட்டணமே ஆகும். வாயிலில் தரும் ரசீதில் நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்து, வெளியேறும் வாயிலில் காட்ட வேண்டும்.